காமர்ஸ் குரூப் படித்தவர் நிலத்துக்குத் திரும்ப முடியுமா?

உங்கள் கேள்வியில் மூன்று படிப்புகளின் பெயர் இருக்கிறது. பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப் முடித்திருக்கிறீர்கள், வீட்டில் நான்கு ஏக்கர் நிலம் இருக்கிறது. பி.காம் சேரலாமா, டாக்ஸேஷன் (வரியியல்) மட்டும் தனியாகப் படிக்கலாமா, ஒரு தனியார் கல்லூரி விளம்பரம் செய்யும் ‘நவீன விவசாயம்’ பட்டப்படிப்பில் சேரலாமா என்று கேட்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, ‘பதினொன்றாம் வகுப்பில் இந்த குரூப் எடுத்ததே தப்போ’ என்று, அதுதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேளாண்மை அலுவலர் வேலைக்குப் போகும் வழி அடைபட்டுவிட்டது. விவசாயம் செய்யும் வழி அடைபடவில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நான் 22 வருடமாகக் கணக்கு, வரித் தொழிலில் இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் விவசாயக் குடும்பங்கள், நாற்றங்கால் வைத்திருப்பவர்கள், பால் பண்ணைக்காரர்கள். நடுவில் சில வருடம் ஒரு கலைக் கல்லூரியில் வருமான வரிப் பாடமும் நடத்தியிருக்கிறேன். பயிருக்கு என்ன நோய், எந்த மருந்து அடிக்கலாம் என்பதெல்லாம் என் துறை இல்லை. அதில் நான் வாய் திறக்கப் போவதில்லை.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயங்கள். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நான்கு வருட பி.எஸ்சி. வேளாண்மைக்கு அறிவியல் பாடங்கள் வேண்டும். வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் படித்தவருக்கு அதில் இடமில்லை. அரசின் வேளாண்மை அலுவலர் பணிக்கும், வங்கிகளின் வேளாண் கள அலுவலர் பணிக்கும் அந்த நான்கு வருடப் பட்டத்தையோ அதை ஒட்டிய நான்கு வருடப் பட்டத்தையோதான் கேட்பார்கள். இப்போது விளம்பரத்தில் நீங்கள் பார்த்த கோர்ஸுக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழு 2014-ல் பி.வோக் என்ற தொழிற்பட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு வருடத்தில் விலகினால் டிப்ளமோ, இரண்டாம் வருடத்தில் உயர் டிப்ளமோ, மூன்றாம் வருடம் முடித்தால் பட்டம். நவீன விவசாயம், இயற்கை விவசாயம் என்ற பெயர்களில் மூன்று வருடப் படிப்பு, எந்த குரூப்பும் சேரலாம் என்று வருகிறவை பெரும்பாலும் இந்த வகை. இந்தப் படிப்பே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பி.எஸ்சி. வேளாண்மை கேட்கிற இடத்தில் இது செல்லாது. சேர்க்கை மேசையில் உட்கார்ந்திருப்பவர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார். பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம், கல்லூரிக்குச் சொந்தமாக எத்தனை ஏக்கர் சாகுபடியில் இருக்கிறது, வாரத்தில் எத்தனை மணி நேரம் மாணவர்கள் வயலில் நிற்கிறார்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு ‘ஃபீல்ட் விசிட் உண்டு’ என்று பதில் வந்தால், வருடத்துக்கு ஒரு முறை பேருந்தில் கூட்டிப் போவார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

விவசாயத்தைப் பொறுத்தவரை பட்டத்துக்கு வெளியே கற்றுக்கொள்ள இருக்கும் வழிகள், கணக்குப் படிப்புக்கு இருப்பதைவிட அதிகம். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில்தான் தொடங்கியது, கோவைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில். இன்று நாடு முழுக்க 700-க்கு மேல் இருக்கின்றன. சொட்டுநீர், காளான், தேனீ, நாற்று உற்பத்தி என்று சில நாள் பயிற்சிகள் நடந்துகொண்டே இருக்கும், எந்த குரூப் என்று யாரும் கேட்பதில்லை. கோவைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வியில் தமிழிலேயே சான்றிதழ்ப் படிப்புகள் உண்டு. ட்ரோன் ஓட்டச் சான்றிதழ் வேண்டுமென்றால் 2021 ட்ரோன் விதிகளின்படி பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 18-லிருந்து 65-க்குள் வயதும் இருந்து, அங்கீகாரம் பெற்ற மையத்தில் பயிற்சி எடுத்தால் போதும். இதற்காக மூன்று வருடம் கல்லூரியில் உட்கார வேண்டியதில்லை. அப்புறம், உங்களிடம் நான்கு ஏக்கர் இருக்கிறது. கல்லூரிக்கு இல்லாத வசதி அது.

சரி, பி.காம். அடைப்புக்குறிக்குள் என்னென்னவோ பெயர்கள் இருக்கும்: அக்கவுண்டிங் அண்ட் ஃபைனான்ஸ், கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப், புரொஃபஷனல் அக்கவுண்டிங். முதல் இரண்டு வருடம் எல்லாவற்றிலும் பாடம் ஏறக்குறைய ஒன்றுதான், பெயருக்காக அதிகக் கட்டணம் கொடுக்க வேண்டாம். வருமான வரி பெரும்பாலும் மூன்றாம் வருடத்தில் இரண்டு தாள்களாக வரும், ஜிஎஸ்டி ஒரு தாள். எனவே டாக்ஸேஷனை மட்டும் தனியாகப் படிக்கத் தேவையில்லை. கணக்கு தெரியாமல் வரி படிப்பது, அளவு எடுக்காமல் சட்டை தைப்பது போலத்தான். லாபம் எவ்வளவு என்று தெரிந்த பிறகுதானே அதற்கு வரி எவ்வளவு என்ற பேச்சு.

ஒன்றை மட்டும் சேரும்முன் கேட்டுவிடுங்கள். 1961-ன் வருமான வரிச் சட்டம் போய், 2025-ன் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்று இரண்டு தலைமுறை மாணவர்களைக் குழப்பிய சொற்கள் போய், ‘வரி ஆண்டு’ என்ற ஒரே சொல் வந்திருக்கிறது. பிரிவு எண்களும் மாறிவிட்டன. எனக்கே இன்னும் பழைய எண்கள்தான் வாயில் வருகின்றன. ‘உங்கள் பாடத்திட்டம் எந்தச் சட்டத்தின்படி’ என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். கடைகளில் பாதி விலைக்குப் பழைய வழிகாட்டி நூல்கள் கிடைக்கும். கணக்குப் போடும் முறைக்கு அவை உதவும், பிரிவு எண்ணுக்கு நம்ப முடியாது.

விவசாயிக்கு வரியே கிடையாதே, பிறகு எதற்கு வரிப் படிப்பு என்று உங்கள் வீட்டில் கேட்கலாம். பாதிதான் சரி. விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை, புதிய சட்டத்திலும் அந்த விலக்கு தொடர்கிறது. ஆனால் வேறு வருமானமும் உள்ளவருக்கு அது வேறு வழியில் வந்து சேரும். 2025-26-க்கான புதிய வரி வீத முறையில் (இது புதிய சட்டம் இல்லை) ஒருவருக்குக் கழிவுகள் போக 14 லட்சம் ரூபாய் சம்பள வருமானம் என்று வைத்துக்கொள்வோம். செஸ் தவிர வரி 90,000. அவருக்கே 6 லட்சம் நிகர விவசாய வருமானமும் இருந்தால் இரண்டையும் கூட்டி 20 லட்சத்துக்கு வரி போட வேண்டும்: 2 லட்சம். பிறகு விவசாய வருமானம் 6 லட்சத்தோடு அடிப்படை விலக்கு 4 லட்சத்தைச் சேர்த்து 10 லட்சத்துக்கு வரி போட்டு, அந்த 40,000-ஐக் கழிக்க வேண்டும். மிச்சம் 1,60,000. வரி இல்லாத வருமானம் வந்ததால் 70,000 கூடிவிட்டது! இதை வகுப்பில் போட்டுக்காட்டினால் மாணவர்கள் என்னை ஏமாற்றுக்காரனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். விவசாய வருமானத்துக்கு வரி போடவில்லை. மற்ற வருமானத்தை மேல் படிக்கட்டுக்கு ஏற்றிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

அடுத்த சிக்கல், எது விவசாயம் என்பது. நமக்கு மாடும் விவசாயம்தான். சட்டத்துக்கு இல்லை. பால், கோழி, மீன் வருமானம் எல்லாம் தொழில் வருமானம். என்னிடம் வந்த ஒரு பால் பண்ணைக்காரர் ஆறு வருடமாக முழு வருமானத்தையும் விவசாயம் என்றே காட்டியிருந்தார். யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மாடுகளுக்குத் தீவனம் தன் நிலத்திலேயே விளைகிறது, அப்படியிருக்க பால் மட்டும் எப்படித் தொழில் ஆகும் என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் வருமான வரித் துறையின் நோட்டீஸுக்கு அதைப் பதிலாக எழுத முடியாது. நாற்றங்காலில் வளர்க்கும் கன்றுகளின் வருமானத்தை விவசாயம் என்று சட்டமே ஏற்கிறது. தேயிலை வளர்த்துத் தூளாக்கி விற்றால் 60 சதவீதம் விவசாயம், 40 சதவீதம் தொழில். இவை எல்லாம் தெளிவானவை.

தெளிவில்லாத இடம் நவீன விவசாயத்தில்தான் இருக்கிறது. 1957-ல் உச்ச நீதிமன்றம் ஓர் அளவுகோல் வைத்தது: உழுவது, விதைப்பது, நடுவது போன்ற அடிப்படை வேலைகள் நிலத்தின் மேல் நடந்திருக்க வேண்டும். களை எடுப்பது, அறுப்பது எல்லாம் அதைத் தொடர்ந்து வருபவை. இன்றைக்கும் அதைத்தான் மேற்கோள் காட்டுகிறோம். இதைக் காளானுக்கு எப்படிப் பொருத்துவது? அடுக்கடுக்கான தட்டுகளில், குளிரூட்டிய அறைக்குள் வளர்வது. 2018-ல் ஹைதராபாத் வருமான வரித் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வு, தட்டில் கொட்டிய மண்ணும் நிலமே, எனவே விவசாயம் என்றது. அப்படியானால் மண்ணே இல்லாமல் தண்ணீரில் கீரை வளர்க்கிறவருக்கு? சட்டத்தில் நேரடி விடை இல்லை. என்னிடம் கேட்டால், விலக்கு கிடைக்கும் என்று நம்பி முதலீடு செய்யாதீர்கள், வரி கட்டியும் லாபம் நிற்குமா என்று கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள் என்பேன். இது சட்டம் சொல்வது இல்லை, என் எச்சரிக்கை.

ஜிஎஸ்டி பற்றி ஒரு வார்த்தை. தன் நிலத்தில் விளைந்ததை விற்கும் விவசாயி பதிவு செய்ய வேண்டியதில்லை. அதனாலேயே அவர் வாங்கும் பொருளில் கட்டிய வரியைத் திரும்ப எடுக்கவும் முடியாது, அது செலவோடு செலவாகக் கலந்துவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கும் சொட்டுநீர்க் கருவிகளுக்கும் 12 சதவீதம் 5 ஆகக் குறைந்தது பெரிய செய்தியானது இதனால்தான். பதிவு பெற்ற வியாபாரிக்கு அது வரவும் செலவுமாகக் கழிந்துபோகும், விவசாயிக்கு அது அப்படியே கையில் மிஞ்சும் காசு.

ஆனால் நான்கு ஏக்கர்க்காரருக்கு உண்மையில் வேண்டியது வரி இல்லை, கணக்கு. இங்கேதான் உங்கள் காமர்ஸ் குரூப் வேலைக்கு வருகிறது. கால் ஏக்கரில் பசுமைக்குடில் போட்டு வெள்ளரி வைத்த ஒருவர் தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிய கணக்கை ஒரு கட்டாகக் கொண்டுவந்தார். விற்ற பணம், கூலி, உரம், மருந்து எல்லாம் ஒழுங்காக இருந்தது. குடில் போட்ட செலவு முதல் மாதத் தாளில் மொத்தமாக இருந்தது. அதற்கு வாங்கிய கடனின் தவணையும் மாதாமாதம் செலவாக இருந்தது. ஒரே செலவு இரண்டு முறை. அந்தக் கணக்குப்படி அவர் பெருநஷ்டத்தில் இருந்தார், குடிலைப் பிரித்து விற்றுவிடலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார். பி.காம் முதல் வருடத்தில் தேய்மானம் என்று ஒரு பாடம் வருமே, மனப்பாடம் செய்து மறந்துவிடுவோம், அதை இங்கே போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு, மானியம் கழித்து இரும்புக் கூண்டு 9 லட்சம், 15 வருடம் நிற்கும். மேலே போர்த்திய தாள் 1,20,000, மூன்று வருடத்தில் வெயிலில் நைந்துவிடும். கூண்டுக்கு வருடம் 60,000, தாளுக்கு 40,000, ஆக ஒரு விதை போடும்முன்பே வருடத்துக்கு ஒரு லட்சம். தவணையில் அசல் செலவு இல்லை, வட்டி மட்டும்தான் செலவு. இப்படி எழுதிப் பார்த்தபோது அவருக்குக் கொஞ்சம் லாபமே இருந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது: மூன்றாம் வருடம் தாள் மாற்ற வேண்டிய பணத்தை அவர் எங்கேயும் எடுத்து வைக்கவில்லை. குடிலை விற்கும் யோசனையைவிட அதுதான் உடனே பார்க்க வேண்டிய விஷயம்.

பி.எஸ்சி. வேளாண்மையிலும் பண்ணை மேலாண்மை, வேளாண் நிதி என்று பாடங்கள் உண்டு. இருந்தாலும் ஒரு வருடத்துக்கான பேரேட்டை எழுதி, இருப்புநிலைக் குறிப்பு வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தும் பழக்கம் காமர்ஸ் மாணவருக்குத்தான் கையில் படிந்திருக்கும். செலவுக் கணக்கியல் தாளைத் தயவுசெய்து சாய்ஸில் விட்டுவிடாதீர்கள். நெல்லுக்கும் கரும்புக்கும் விலை நிர்ணயம் பற்றி நாட்டில் நடக்கும் சண்டை முழுக்க அந்தத் தாளுக்குள்தான் இருக்கிறது. கையிலிருந்து கொடுத்த செலவு மட்டும் ஏ2. குடும்பத்தார் உழைப்புக்கும் கூலி போட்டுச் சேர்த்தால் ஏ2 பிளஸ் எஃப்எல். சொந்த நிலத்துக்கு வாடகை, சொந்த முதலுக்கு வட்டி என்று அதற்கும் மதிப்புப் போட்டால் சி2. விலை செலவைப்போல் ஒன்றரை மடங்கு என்று அரசு சொல்வது நடுவில் உள்ளதற்கு, விவசாய சங்கங்கள் கேட்பது கடைசியில் உள்ளதற்கு. இரண்டு பக்கமும் ஒன்றரை மடங்கு என்றே பேசுவதால் கேட்பவருக்கு எதுவும் புரிவதில்லை.

வேலை பற்றியும் கேட்டிருந்தீர்கள். நிலத்தை ஒட்டியே கணக்கு வேலை கிடைக்கும் இரண்டு இடங்கள் எனக்குத் தெரியும். ஒன்று, கூட்டுறவு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்க உதவியாளர் பணிகளுக்கு ஒரு பட்டமும் கூட்டுறவுப் பயிற்சியும் கேட்கிறார்கள். பி.காம் கூட்டுறவு என்றே ஒரு படிப்பு இருக்கிறது, விளம்பரங்களில் அதிகம் தென்படாது. உங்கள் பகுதிக் கல்லூரியில் இருந்தால் விசாரியுங்கள். அதைப் படித்தவர்களுக்குத் தனிப் பயிற்சியிலிருந்து விலக்கு தரும் அறிவிப்புகள் வந்திருக்கின்றன. எந்தெந்தத் தாள்கள் படித்திருக்க வேண்டும் என்பதை அறிவிப்பில் வரி வரியாகப் பாருங்கள். இரண்டு, விவசாயிகளே சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள். 2020-ல் 10,000 அமைப்புகளை உருவாக்க மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஓர் அமைப்புக்கு மூன்று வருடத்துக்கு 18 லட்சம் ரூபாய் வரை உதவி, அதில் கணக்காளர் சம்பளத்துக்கு மாதம் 10,000 வரை. ஆமாம், பத்தாயிரம்தான். முழுநேர வேலையாக அதை நம்பி உட்கார முடியாது. ஆனால் இந்த நிறுவனங்கள் கம்பெனிச் சட்டத்தின் கீழ் வருபவை. வருடாந்திரக் கணக்குப் படிவத்தையும் வருடாந்திர அறிக்கைப் படிவத்தையும் தாமதமாகத் தாக்கல் செய்தால் ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு கிடையாது. ஒரு வருடம் மறந்தால் இரண்டுக்கும் சேர்த்து 73,000. மஞ்சள் விற்று வந்த லாபத்தை இப்படிக் கட்டிய நிறுவனத்தை நான் பார்த்திருக்கிறேன். எனவே நான்கைந்து நிறுவனங்களுக்குக் கணக்கையும் தாக்கலையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர், சொந்த நிலத்தையும் பார்த்துக்கொண்டு, கௌரவமாக வாழலாம். பி.காம் பட்டதாரிகள் ஜிஎஸ்டி பிராக்டிஷனராக, அதாவது மற்றவர்களுக்காக ஜிஎஸ்டி தாக்கல் செய்பவராக, பதிவு செய்து, தேர்வு எழுதித் தொழில் நடத்தவும் முடியும்.

ஆக, என் பரிந்துரை: உங்களுக்கு எட்டும் தூரத்தில் உள்ள, கட்டணம் குறைவான ஒரு பி.காம். மூன்று வருட விடுமுறைகளில் வேளாண் அறிவியல் நிலையப் பயிற்சிகள். நிலத்தில் ஒரு அரை ஏக்கரை உங்கள் பொறுப்பில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சி.ஏ., சி.எம்.ஏ. (செலவுக் கணக்காளர்) ஆசை இருந்தால் பிளஸ் டூ முடித்த கையோடு ஃபவுண்டேஷன் எழுதலாம். ஆனால் சி.ஏ.வுக்கு இரண்டு வருடம் ஆடிட்டர் அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் என்ற கட்டாயப் பயிற்சி இருக்கிறது, அந்த இரண்டு வருடம் நிலத்தை மறந்துவிட வேண்டியதுதான். ஊரக மேலாண்மையில் மேற்படிப்பு என்றால் குஜராத்தின் ஆனந்தில் 1979-ல் தொடங்கிய ஐர்மா, இப்போது திரிபுவன் கூட்டுறவுப் பல்கலைக்கழகத்தின் பகுதி, எந்தப் பட்டதாரியையும் எடுத்துவந்திருக்கிறது. வருமானம் எந்த வழியில் அதிகம் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது. அது நீங்கள் எந்த ஊரில் உட்காரப் போகிறீர்கள், கிணற்றில் எவ்வளவு தண்ணீர் என்பதையெல்லாம் பொறுத்தது.

கல்லூரி திறப்பதற்குள் ஒரு வேலை செய்து பாருங்கள். உங்கள் வீட்டில் கடைசியாக அறுத்த பயிரை எடுத்துக்கொண்டு ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: ஏ2, எஃப்எல், சி2. பில் இருப்பதை முதல் பத்தியில் எழுதிவிடலாம், ஒரு மணி நேர வேலை. இரண்டாவது பத்திதான் இழுக்கும். அம்மா எத்தனை நாள் களை எடுத்தார் என்பதை அவரிடமே கேட்டு எழுதுங்கள். அப்பாவிடம் கேட்டால் பாதி நாள்தான் கணக்கில் வரும்.